கடலுக்குள் டிடெக்டரில் சிக்கிய கனமான உலோகம்: என்னன்னு யாராவது சொல்லுங்க

கழுத்தளவுதண்ணி:
வணக்கம் நண்பர்களே. ஞாயித்துக்கிழமை காலையில ஓதம் வத்துன நேரமாப் பார்த்து இறங்கினேன். நெஞ்சளவு தண்ணி, பாறையும் மணலும் கலந்த தரை. என்னோடது பல்ஸ் வகை மெட்டல் டிடெக்டர். உப்புத்தண்ணிக்கு அசராது, ஆனா ஆணியோ மோதிரமோ எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்தும். இந்தத் தடவை கத்துன கத்துல பழைய டின்னு ஏதோ கிடக்குன்னு தாண்டிப் போகப் பார்த்தேன். சும்மா பாறை இடுக்குல கைய விட்டா, அசையாத ஒரு கட்டை. பத்து நிமிஷம் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க முடிஞ்சுது.

21 செ.மீ நீளம். ஒரு முனை 3 செ.மீ, மறுமுனை 5 செ.மீ. உருண்டை இல்ல, பட்டை பட்டையா இருக்கு, எண்ணிப் பார்த்தா எட்டு வருது. மேலெல்லாம் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையும் சாம்பலுமா ஒரு ஓடு, அங்கங்க சிப்பி ஒட்டியிருக்கு. குறுகின முனையில ஒரு ஓட்டை. அகல முனையில நடுவுல உடைஞ்ச மாதிரி ஒரு பள்ளம், மண்ணு இறுகி அடைச்சிருக்கு. காந்தம் ஒட்டல. இத்தனூண்டு சாமானுக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல.

வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா, இல்ல வினிகர்ல ஊற வைக்கலாமா?

பழையசாப்பர்:
தேய்ப்பது இருக்கட்டும். அது இப்போது எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளா?

குறுகும் முனை, அகன்ற அடி, அளவுக்கு மீறிய கனம், கிடைத்த இடம் கடலடி. இது நாலும் சேர்ந்தால் எனக்கு முதலில் பீரங்கிக் குண்டுதான் நினைவுக்கு வரும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். குண்டின் வெடிமுனை பித்தளையிலும் வரும், அலுமினியத்திலும் வரும். உடம்பைச் சுற்றிச் செம்பு வளையம் ஏதாவது தெரிகிறதா? முனையில் மரை இருக்கிறதா? சாவி போட்டுத் திருகுவதற்கான சிறு குழிகள் உண்டா? சுரண்டாமல், தட்டாமல், கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பதில் வரும்வரை அதன் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள்.

கழுத்தளவுதண்ணி:
அய்யா, வயித்துல புளியக் கரைக்கிறீங்களே. பால்கனியில வாளித் தண்ணிக்குள்ள கிடக்கு. வளையம் இல்ல, மரையும் இல்ல. அந்த ஓட்டை மேலிருந்து கீழ போகல, பக்கவாட்டுல நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வருது. ஒரு பக்கம் பார்த்தா மறுபக்க வெளிச்சம் தெரியுது. நாலு கோணத்துல படம் போட்டிருக்கேன்.

பழையசாப்பர்:
படம் பார்த்தேன். மூச்சு விடலாம். பீரங்கிக் குழலுக்குள் சுழன்று போக வேண்டிய குண்டுக்கு எட்டுப் பட்டை இருக்காது, வட்டமாகத்தான் இருக்கும். தலையைக் குறுக்கே துளைத்துக் கயிறு கோக்கிற மாதிரி ஓட்டையும் வைக்க மாட்டார்கள். இது வெடிக்கிற சாமான் இல்லை.

ஆனாலும் நீங்கள் செய்தது தப்பு. தெரியாத கனமான உருளை தட்டுப்பட்டால் பிடுங்கக் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டுக் கரையேறிக் காவல்துறைக்கோ கடலோரக் காவலுக்கோ சொல்ல வேண்டும். பால்டிக் கடற்கரையில் அம்பர் (இறுகிக் கல்லான மரப்பிசின்) என்று நினைத்து, பழைய எரிகுண்டுகளிலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஈரம் இருக்கும்வரை சாதுவாக இருக்கும், காய்ந்ததும் தானே பற்றிக்கொள்ளும். ஒரு தடவை பிழைத்தது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

வெள்ளிவேட்டை:
அண்ணே எனக்கென்னவோ வெள்ளிக் கட்டின்னு தோணுது. பழைய கப்பல்ல வெள்ளியக் கட்டி கட்டியாத்தான கொண்டு போனாங்க? ஓரத்துல லேசா வெட்டிப் பாருங்க, பளபளன்னு இருந்தா பங்கு எங்களுக்கும் உண்டு 😀

பழையஇரும்பு:
ஜன்னல் சட்டம் மேல கீழ ஏறி இறங்க உள்ள தொங்கவிடுற எடைக்கட்டை மாதிரி இருக்கு. இல்லன்னா மணியோட நாக்கு.

உலைக்களம்:
ஜன்னல் எடை பெரும்பாலும் வார்ப்பிரும்பு, காந்தம் கவ்வும். மணி நாக்கும் இல்லை. இது நான் நினைக்கிற உலோகமாக இருந்தால் மணியில் அடித்தால் 'ணங்' என்று கேட்காது, 'பொத்' என்றுதான் கேட்கும். வெட்டவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். முப்பது வருஷமாக வார்ப்புப் பட்டறையில் நிற்கிறவன் சொல்கிறேன், ஒரு உலோகத்திடம் முதலில் கேட்க வேண்டியது அதன் அடர்த்தியை. நிறம் பொய் சொல்லும், அதுவும் கடலில் கிடந்த சாமானின் நிறம் கூசாமல் பொய் சொல்லும்.

சமையலறைத் தராசு இருக்கிறதா? முதலில் சாமானைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். பிறகு ஒரு வாளியில் பாதிக்கு நல்ல தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சாமானை நூலில் கட்டி, கையில் பிடித்தபடியே தண்ணீருக்குள் முழுசாக முங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. அப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் அதன் கொள்ளளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியை விட்டு எழுந்து ஓடிய அதே கணக்குதான்.

இரும்பு 7.9, பித்தளை எட்டரையை ஒட்டி, செம்பு 8.96, வெள்ளி 10.5, காரீயம் 11.3, தங்கம் 19.3. வெள்ளீயம் என்றால் 7.3தான் வரும், அதையும் காரீயத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கழுத்தளவுதண்ணி:
பண்ணிட்டேன். முதல் தடவை 3,142 காட்டுச்சு, ஆடிப் போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, சாமான் வாளி அடியில உட்கார்ந்திருக்கு, மொத்த எடையும் தராசு மேலதான். தூக்கிப் பிடிச்சா 292. துடைச்சுப் போட்ட எடை 3,142 கிராம். வகுத்தா 10.76 வருது.

வெள்ளிவேட்டை:
10.5 வெள்ளி!!! நான் சொல்லல? நான் சொல்லல?

உலைக்களம்:
தம்பி, கொஞ்சம் பொறு. அந்த எடையில் உலோகம் மட்டும் இல்லை. மேலே சுண்ணாம்பு ஓடு, சிப்பி, பள்ளத்துக்குள் இறுகிய மண் எல்லாம் சேர்ந்திருக்கிறது. இதெல்லாம் உலோகத்தை விட லேசு. லேசான சரக்கு ஒட்டியிருந்தால் சராசரி கீழேதான் இறங்கும், மேலே ஏறாது. ஓட்டோடு சேர்ந்தே 10.76 என்றால் உள்ளே இருப்பது அதைவிட அடர்த்தி. வெள்ளி 10.5க்கு மேல் போகாது. அதனால் இந்தக் கணக்கு வெள்ளியைக் காட்டவில்லை, வெள்ளி இல்லை என்று காட்டுகிறது.

தவிர, கடலில் கிடந்த வெள்ளி கன்னங்கரேல் என்று வரும். செம்பும் வெண்கலமும் பச்சைக் களிம்பு கட்டும். இரும்பு மணலையும் சிப்பியையும் தன்மேல் இழுத்துக்கொண்டு உருத்தெரியாத பாறாங்கட்டியாகிவிடும். வெள்ளை, சாம்பல் பூச்சு என்றால் காரீயம். அடிப்புறத்தில் ஓடு உதிர்ந்த ஓரத்தை ஒரு வெள்ளைத் தாளில் லேசாக இழுத்துப் பாருங்கள், பென்சில் கோடு மாதிரி விழும்.

கழுத்தளவுதண்ணி:
விழுந்துச்சு. அச்சு அசல் பென்சில் கோடு.

பட்டறைமேசை:
அருங்காட்சியகப் பொருள்களைச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறேன். காரீயம் என்று தெரிந்தாயிற்று, இனி சில விஷயங்களில் நான் கறாராகத்தான் பேசுவேன்.

வினிகர் கூடவே கூடாது. காரீயத்துக்கு அசெட்டிக் அமிலம்தான் பரம விரோதி. அந்தக் காலத்தில் வெள்ளை வண்ணம் தயாரிக்கக் காரீயத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்து அரிக்கவிட்டுத்தான் அந்த வெள்ளைத் தூளையே எடுத்தார்கள். நீங்கள் ஊற வைத்தால் சாமான் போய்ப் பெயிண்ட் மிஞ்சும். இதே காரணத்தால் ஓக் மரப்பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது, அந்த மரம் மெல்ல மெல்ல அமில ஆவி விடும்.

வயர் பிரஷ், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம். காரீயம் நகத்தால் கீறினாலே கோடு விழுகிற உலோகம், மேல்தோலில் ஏதாவது முத்திரை இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். எழுகிற தூசி மூச்சில் போனால் உங்கள் உடம்புக்கும் கேடு. கையுறை போடுங்கள், ஈரமாகவே வைத்து வேலை செய்யுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அந்த வாளியும் தராசும் இனி சமையலறைப் பக்கம் வரக் கூடாது. குழாய்த் தண்ணீரில் அலசி, மூங்கில் குச்சியால் பொறுமையாக நெம்பினால் உதிர்கிறது உதிரட்டும். உதிராததை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பள்ளத்தை 'உடைந்த மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். காரீயம் அப்படி உடையாது, நசுங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சும்மாபார்வை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கடலடியில் கிடந்த பழம்பொருளை எடுத்துக்கொண்டு வந்ததைப் பற்றி யாருமே கேட்கவில்லையே? 2001 யுனெஸ்கோ உடன்படிக்கை 100 ஆண்டுக்கு மேல் நீருக்கடியில் இருக்கும் மனிதத் தடயங்களை நீரடிப் பாரம்பரியம் என்கிறது. கிடந்த இடத்திலேயே விடுவதுதான் முதல் தேர்வு என்றும் சொல்கிறது. பக்கத்தில் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தால்?

கழுத்தளவுதண்ணி:
நியாயமான கேள்விதான். இது பழசுன்னு எடுக்கும்போது தெரியாது. பக்கத்துல வேற எதுவும் இல்ல, சுத்தி இருபது அடிக்கு மெஷின் கத்தவே இல்ல. இடத்தோட ஜிபிஎஸ் புள்ளியைக் குறிச்சு வச்சிருக்கேன். என்னன்னு தெரிஞ்சதும் முறைப்படி தகவல் கொடுக்கிறேன்.

சுக்கான்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கேற்ற மாதிரியே எல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஓட்டையின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, அகல முனையின் விளிம்பு எப்படி இருக்கிறது, பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது.

கழுத்தளவுதண்ணி:
நேத்து ராத்திரி மூணு மணி நேரம் குச்சியும் கையுமா உட்கார்ந்தேன்.

ஓட்டை: குறுகின முனையைப் பார்த்த பக்கம் மட்டும் வழவழன்னு தேய்ஞ்சு ஒரு பள்ளம் விழுந்திருக்கு, ரெண்டு வாயிலயும். அகல முனையைப் பார்த்த பக்கம் கூர்மையாவே இருக்கு.

விளிம்பு: சுத்தி நசுங்கி வெளிப்பக்கம் மடங்கியிருக்கு, உளித்தலை சுத்தியல் அடிபட்டுப் பிதுங்குமே, அது மாதிரி. ஆனா ஒரே அடியில இல்ல, நூறு சின்னச் சின்ன அடி.

பள்ளம்: அதுதான் ஆச்சரியம். மேல அடைச்சிருந்தது கல் மாதிரி இறுகுன மண்ணு. அது பேர்ந்து வந்ததும் உள்ள சுத்தமான குழி. ரெண்டரை செ.மீ அகலம், ரெண்டு செ.மீ ஆழம், வார்க்கும்போதே விட்ட குழி. உள்சுவர்ல கத்தியால குறுக்கும் நெடுக்குமாக் கீறி வச்சிருக்காங்க. யாரோ வேணும்னே கீறுனது.

இன்னொண்ணு, ஒரு பட்டையில ஓடு உதிர்ந்ததுல ஏதோ குறி தெரியுது. அம்பு மாதிரி, பக்கத்துல கோடு. படம் போட்டிருக்கேன்.

பழையஇரும்பு:
அம்பா! மூணு கோடு ஒரு புள்ளியில சேர்ந்தா அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான முத்திரை. பீரங்கியில இருந்து கயிறு வரைக்கும் எல்லாத்துலயும் அடிப்பாங்க. அப்போ இது கடற்படைச் சாமான்!

உலைக்களம்:
குழியைக் காலி செய்தாயிற்று அல்லவா, மறுபடி எடை போடுங்கள்.

கழுத்தளவுதண்ணி:
3,085 கிராம். தண்ணில 280. அடர்த்தி 11.02.

உலைக்களம்:
ஓட்டையில் நூல் கட்டித் தொங்கவிட்டீர்களா? அப்படியானால் குழி கீழே பார்த்துக் கவிழ்ந்திருக்கும், உள்ளே காற்று அடைபட்டிருக்கும். தண்ணீருக்குள் வைத்தே சாய்த்துப் பாருங்கள்.

கழுத்தளவுதண்ணி:
சாய்ச்சேன். 'பளக்'னு ஒரு குமிழி வந்துச்சு. இப்போ 274. அடர்த்தி 11.26. அண்ணே, நீங்க மனுஷனே இல்ல.

சுக்கான்:
சரி, இப்போது சொல்லலாம். நண்பரே, உங்கள் கையில் இருப்பது விழுதுக் குண்டு. கப்பலிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்க்கிற காரீயக் குண்டு. ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயரைத் தமிழில் அப்படியே சுருக்கினால் 'கைக்குண்டு' என்றாகும், சாப்பர் ஐயா மறுபடி எழுந்து உட்காருவார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அதையே சொல்கிறது. ஓட்டை குறுகிய முனைப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் வாழ்நாள் முழுக்க அந்த முனையால் தொங்கியிருக்கிறது. விளிம்பு நூறு அடி பட்டிருக்கிறது என்றால் தரையில் போய் இடிப்பதே அதன் வேலை. கொத்தனாரின் தூக்குக்குண்டாக இருந்தால் கீழ்முனை கூராக இருக்க வேண்டும், இதில் தலைகீழ். வலைக்குண்டுக்குக் குழி எதற்கு?

அந்தக் குழிதான் இதன் உயிர். அதில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் அங்கே இருக்கிற மணல், சேறு, சிப்பித்தூள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கொழுப்பு வழுக்கி விழாமல் இருக்கத்தான் அந்தக் கீறல். ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது, நங்கூரம் பிடிக்கிற தரையா என்றும் தெரிய வேண்டும். ராத்திரியிலும் மூடுபனியிலும் 'இத்தனை ஆழம், கறுப்புச் சேறு' என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணித்தார்கள். இன்றைய கடல் வரைபடத்திலும் தரை மணலா சேறா சிப்பியா என்று குறித்திருப்பார்கள், அது இந்தக் கொழுப்பு சொன்ன சேதியின் தொடர்ச்சி.

சும்மாபார்வை:
விழுது என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. தமிழ் பைபிளில் பவுலை ஏற்றிப் போன கப்பல் புயலில் சிக்கும் இடத்தில் 'விழுதுவிட்டு' ஆழம் பார்ப்பார்கள். முதலில் 20 பாகம், கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்த்தால் 15 பாகம். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். சின்ன வயதில் ஆலமர விழுதை எப்படிக் கடலில் விட்டார்கள் என்று குழம்பியிருக்கிறேன்!

சுக்கான்:
அதேதான். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி. கயிற்றை இழுக்கும்போது கைவிரித்துக் கைவிரித்து அளப்பதால் வந்த கணக்கு. அதற்கும் முன்னால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார், எகிப்துக்கு ஒரு நாள் பயண தூரத்தில் விழுது விட்டால் 11 பாகத்தில் சேறு வரும் என்று. அப்போதே குண்டு சேற்றை மேலே கொண்டுவந்திருக்கிறது பாருங்கள்.

கயிற்றில் வைக்கிற அடையாளம் இன்னும் அழகு. 2 பாகத்தில் இரண்டு தோல்வார், 3இல் மூன்று, 5இல் வெள்ளைப் பருத்தித் துணி, 7இல் சிவப்புக் கம்பளித் துணி, 10இல் ஓட்டை போட்ட தோல். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள், ஏனென்றால் கும்மிருட்டில் தடவிப் பார்த்தே சொல்ல வேண்டும். கை மரத்துப்போனால் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மிசிசிப்பி நீராவிப் படகில் 2 பாகம் வந்ததும் கூவுகிற 'மார்க் ட்வைன்' என்ற குரலைத்தான் அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் கிளெமன்ஸ் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

பழையஇரும்பு:
எல்லாம் சரி, அம்பு முத்திரை? அதுக்கு பதில் சொல்லுங்க.

சுக்கான்:
படத்தை இன்னொரு தடவை பாருங்கள். குறுகிய முனை மேலே இருக்கும்படி திருப்பிப் பாருங்கள்.

கழுத்தளவுதண்ணி:
அடேங்கப்பா. கொஞ்சம் கூடச் சுத்தம் பண்ணினேன். அம்பு இல்ல. V, பக்கத்துல தனித்தனியா ரெண்டு கோடு. VII. ரோமன் ஏழு.

உலைக்களம்:
ஏழு பவுண்டு! 7 பவுண்டு என்பது 3,175 கிராம். உங்களிடம் இருப்பது 3,085. கடல் அரித்ததும் கயிறு தேய்த்ததும் போக 90 கிராம் குறைவு. கணக்கு உட்கார்ந்துவிட்டது.

சுக்கான்:
கையால் வீசுகிற குண்டு வழக்கமாக 7இலிருந்து 14 பவுண்டு வரை. ஆழ்கடலுக்கு அதைவிடப் பெரிய குண்டு, 28 பவுண்டும் அதற்கு மேலும். உங்களுடையது ஆழமில்லாத தண்ணீரில் சின்னக் கலத்துக்கு.

வெள்ளிவேட்டை:
எத்தனை வருஷப் பழசு? நூறு? ஐநூறு? அதையாவது சொல்லுங்கப்பா, வெள்ளிதான் போச்சு.

பட்டறைமேசை:
வடிவத்தை வைத்து நூற்றாண்டு சொல்கிறவரை நம்ப வேண்டாம். மத்தியதரைக் கடலில் கிடைத்த கிரேக்க, ரோமானியக் குண்டுகள் மணி வடிவில் இருக்கும், இது அந்த வகை இல்லை என்பது மட்டும் நிச்சயம். மற்றபடி இந்த நீளக் குண்டு நூற்றாண்டுக் கணக்கில் உருமாறாமல் வந்த கருவி. 1870களில் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் பியானோக் கம்பியில் ஆழம் பார்க்கும் இயந்திரம் செய்தார், முதல் உலகப் போருக்குப் பின் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் ஆழம் அளக்கும் எதிரொலிமானி பரவியது, அப்புறமும் சின்னப் படகுகளில் குண்டுதான் ஓடியது. காரீயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதத்தை வைத்துத் தாது எந்தச் சுரங்கப் பகுதி என்று ஊகிக்கலாம், ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும். உருக்கிக் கலந்த பழைய காரீயமாக இருந்தால் அதிலும் குழப்பம்தான்.

சும்மாபார்வையின் கேள்விக்கும் ஒரு வார்த்தை. தனிக் குண்டு கிடைத்தால் அங்கே கப்பல் மூழ்கியதாக அர்த்தமில்லை. இவர் சொன்ன மாதிரி பாறை இடுக்கில் சிக்கிக் கயிறு அறுந்து போனவை நிறைய. ஆனாலும் தகவல் கொடுங்கள். அந்த இடத்தில் வேறொருவர் நாளைக்கு வேறொன்றைக் கண்டால் இரண்டும் சேர்ந்து கதை சொல்லும்.

கழுத்தளவுதண்ணி:
தகவல் கொடுத்துட்டேன். படம், அளவு, எடை, ஜிபிஎஸ் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. பார்த்துட்டுச் சொல்றவரைக்கும் என்கிட்டயே பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்க.

ஒரு திருட்டுத்தனத்தையும் ஒத்துக்கிறேன், பட்டறைமேசை திட்டக் கூடாது. நேத்து சாயங்காலம் குழியில கொஞ்சம் வெண்ணெயை அப்பி, அதே கடற்கரைக்கு எடுத்துட்டுப் போய், இடுப்பளவு தண்ணில மெதுவா இறக்கினேன். தரையில தொட்டதும் கயிறு தளர்ந்து போறது விரல்ல தெரியுது. சுண்டி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

பட்டறைமேசை:
கழுவி வைத்ததை மறுபடி உப்புத்தண்ணீரிலா! கையுறையாவது போட்டிருந்தீர்களா?

சுக்கான்:
அவரை விடுங்கள். என்ன வந்தது, அதைச் சொல்லும்.

கழுத்தளவுதண்ணி:
கையுறை போட்டிருந்தேன்.

அரைப் பாகம். கரடு மணல், உடைஞ்ச சிப்பி.